பின்கழுத்துக்கு எட்டாத கை

அந்த உடைக்குள் இன்னொருவரை வாடகைக்குக் குடிவைக்கலாம் என்று படகோட்டி சொன்னார். படகிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள், ஆனால் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

கால் முதல் கழுத்து வரை ஒரே துண்டாக வரும் முக்குளிப்பு உடை அது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் கவ்விக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. டிரைசூட் என்பார்கள். வேலையை விட்டுப் போன ஒரு நெட்டை மனிதரிடம் பழையதாக வாங்கியிருந்தாள். அவருடைய தோளுக்குக்கூட அவள் வரமாட்டாள். ரப்பர்களைக் கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். உடம்புப் பகுதியில் கைவைக்க மட்டும் ஒருவரும் ஒப்பவில்லை.

ஏரித் தண்ணீரை இறைக்கும் நிலையத்தில், அடியில் இருக்கும் இரும்புக் கம்பித் தடுப்பில் வந்து அடைகிற குப்பையை எடுப்பதுதான் அவர்கள் வேலை. பயிற்சியெல்லாம் முடித்த பிறகும் அவள் படகில் உட்கார்ந்து, கீழே போனவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடை ஒழுங்காகப் பொருந்தினால் திங்கட்கிழமை இறங்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்குத் திங்கட்கிழமையைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

நல்லவேளையாக வீட்டில் அக்கா இருந்தாள். படகு உறைகளும் கூடாரங்களும் தைக்கிறவள். முன்னறை முழுக்க அவளுடைய கனத்த தையல் இயந்திரமும் சுருட்டிய துணிகளும்தான். அத்தான் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் உட்கார ஓர் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவார். கெட்டவேளை என்னவென்றால், தண்ணீர் என்றதும் அக்காவின் முகம் சுருங்கிவிடும். அதனால் தங்கை தன் வேலையை வீட்டில் சொல்வதே இல்லை. கேட்டால், பெரிய நீச்சல் குளம் மாதிரிதான் என்பாள். அதோடு பேச்சு நின்றுபோகும். இருவருக்கும் அது சௌகரியமாகவும் இருந்தது.

அளவெடுத்த அன்று அறையில் புழுக்கம் தாங்கவில்லை. உள்ளே என்ன போடுவாய் என்று அக்கா கேட்டாள். பஞ்சு வைத்த உடுப்பு, மெல்லியதுதான் என்றாள் தங்கை. அதைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னதற்கு, இந்த வெக்கையிலா என்று தட்டிக்கழித்தாள். குண்டூசி குத்தினால் ஓட்டை விழும் என்பதால், தொளதொளத்த இடங்களையெல்லாம் அக்கா கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தாள். அக்குளுக்கு வந்ததும் கை நின்றது.

"கையை ரொம்ப வீசற வேலை இருக்கா?"

"குப்பை எடுக்கறதுக்கு எதுக்குக்கா வீசணும்? எல்லாம் முன்னாடிதான். நல்லா பிடிச்சே தை. மூட்டை மாதிரி இருக்குன்னு சிரிக்கறாங்க."

அக்கா பிடித்தே தைத்தாள். பக்கங்களை உள்ளே வாங்கி, இடுப்பருகே உயரத்தைக் குறைத்து, தையலுக்கு மேல் பசை தடவிப் பட்டி ஒட்டி, ஒட்டினது காயும்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. போட்டுப் பார்த்தபோது கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி நின்றாள். அத்தான்கூட எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் இவளை வாடி போடி என்று கூப்பிட முடியாது போலிருக்கிறதே என்றார்.

சனிக்கிழமை காலை படகுத்துறையில் அந்தப் பஞ்சு உடுப்பைப் போட்டு அதன் மேல் உடையை ஏற்றினாள். அது மெல்லியதே அல்ல. மெத்தையில் பாதி இருக்கும். முதுகு ஜிப்பை மூட இரண்டு பேர் வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள், கவட்டில் இழுத்த இழுப்பில் கழுத்து ரப்பர் தொண்டையை அமுக்கியது. முதுகில் இரட்டைக் காற்றுச் சிலிண்டரை ஏற்றி, பின்கழுத்துக்கு நேரே இருக்கும் அடைப்புத் திருகைத் தொடச் சொன்னார். கையைத் தூக்கினாள். விரல் காதருகே போய் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை. அவள் ஓய்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, "திங்கட்கிழமை கயிறு பிடிம்மா" என்றார்.

படகோட்டி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து உடையைத் தையல் மேசை மேல் எறிந்தாள்.

"நான் இறங்கறது உனக்குப் பிடிக்கல. அதான் இப்படித் தச்சிருக்கே."

இயந்திரம் நின்றது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க இடிக்குது?"

"எல்லா இடத்துலயும்."

"எல்லா இடத்துலயும்னா நான் எங்கேன்னு பிரிப்பேன்?"

தங்கை உடையை வாரிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தானே பிரித்துவிடலாம் என்ற வீம்பு. முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டிப் பட்டியை உரித்தாள். ஒரு சாண் வந்தது, பிறகு அறுந்தது. பசை நகக்கண்ணில் ஏறியது. நகத்தைச் சுரண்டினால் விரலில் ஒட்டியது, விரலை உதறினால் தலைமுடியில். அழுகை வரும் போலிருந்தது. இந்தக் கண்ராவிக்கெல்லாம் அழுவதா என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

கடைசியில் உடையைத் தரையில் விரித்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. எவ்வளவு நேர்த்தியான தையல். நிமிர்ந்து நின்றபடி, கையை முன்னால் மட்டும் நீட்டுகிற ஒருத்திக்கு அச்சாகப் பொருந்தும். அப்படி ஒருத்தியைத்தான் அவள் அக்காவிடம் இத்தனை நாளும் சொல்லி வந்திருந்தாள். அந்த ஒருத்திக்குத்தான் அக்கா தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்து உடையின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்தாள். உரித்த பட்டியைப் பார்த்தாள்.

தங்கை உடையைப் பார்த்தபடியே பேசினாள். "பின்னாடி ரெண்டு சிலிண்டர் இருக்கும்க்கா. கழுத்துக்கு நேரா திருகு. ஒரு குழாய் பிஞ்சுதுன்னா அந்தப் பக்கத்துத் திருகை மூடணும். இல்லன்னா ரெண்டுலயும் இருக்கற காத்து போயிடும்."

"கூட இருக்கறவங்க மூட மாட்டாங்களா?"

"தண்ணி கலங்கியிருந்தா பக்கத்துல ஆள் இருக்கறதே தெரியாது. நான்தான் மூடணும்."

"மூடலைன்னா?"

"மூடிடலாம்."

"மூடலைன்னா?"

அக்கா உடையின் கழுத்து ரப்பரை இரண்டு விரலால் விரிப்பதும் விடுவதுமாக இருந்தாள். அது ஒவ்வொரு முறையும் சப்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"இதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா போகவே விட்டிருக்க மாட்டே."

"ஆமா. விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அதில் வருத்தமோ சமாதானமோ இல்லை.

பிறகு எழுந்துபோய், தையல் பிரிக்கிற சிறு கத்தியோடும் இஸ்திரிப் பெட்டியோடும் திரும்பினாள். பஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். பிரித்து ஒட்டினால் பசை காயவேண்டும், திங்கட்கிழமைக்குள் ஆகாது என்றாள். தெரியும் என்றாள் தங்கை.

அக்குளும் பக்கங்களும் பிரிந்து தொங்கிய உடைக்குள் அவள் வியர்த்து ஒழுக நின்றாள். அக்கா பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"எங்க இருக்கும் அந்தத் திருகு?"

"இன்னும் கீழ. கொஞ்சம் வலப்பக்கம். அங்கதான்."

அக்கா அந்த இடத்தில் தன் கையை முஷ்டியாக மடக்கிப் பிடித்தாள். தங்கை கையைத் தூக்கிப் பின்னால் துழாவினாள். துணி இழுத்தது, விரல்கள் வெறும் காற்றைப் பிறாண்டின. இன்னும் ஒரு விரல்கடை.

"எட்டல" என்றாள்.

அக்கா முஷ்டியை ஒரு மயிரிழைகூடக் கிட்டே கொண்டுவரவில்லை. மற்றக் கையால் கத்தியை எடுத்து இடுப்பில் அடுத்த தையலைப் பிரித்தாள்.

"மறுபடி தூக்கு."