சலிக்காமல் கொட்டிய மண்

வேலை முடிந்ததும் கூலியாட்களின் பைகளைக் கொட்டிப் பார்ப்பது அந்தத் தேசியத் தொல்லியல் கழகத்தில் வழக்கம். செயலாளரின் பையை மட்டும் யாரும் தொட்டதில்லை. பெரிய மனிதராயிற்றே, கேட்க முடியுமா!

அன்று அகழாய்வுக் குழியில் ஒரு சிவப்புக் கல்மணி தெரிந்தது. அளந்து வரையும்வரை எதையும் இருந்த இடத்தைவிட்டு எடுக்கக் கூடாது. படம் பிடித்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். வந்து பார்த்தால் குழியின் ஓரம் சரிந்து கிடந்தது. மணியும் கண்ணில் படவில்லை.

மண் வெட்டும் பெண் ஒருத்தி உண்டு. வாயாடி என்றால்தான் தெரியும். கடைசியாகக் குழியைவிட்டு ஏறியவள் அவள். செயலாளருக்கு அது போதும். சரிந்த மண்ணைச் சீக்கிரம் அள்ளி மேட்டில் கொட்டச் சொல்லிவிட்டு, அவள் பையை உதறினார், முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். அவமானத்தில் அவளுக்குப் பேச்சே எழவில்லை. வாயாடி வாயைத் திறக்கவில்லையே, இதில் ஏதோ இருக்கிறது என்றார்கள் கூட இருந்தவர்கள். பேசினால் திமிர், பேசாவிட்டால் திருட்டு! மறுநாள் போலீசுக்குப் போவதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை படம் பிடிப்பவருக்குத்தான் உறுத்தியது. குழி மண்ணைச் சலிக்காமல் எறியலாமா? மேட்டு மண்ணைச் சல்லடையில் போட்டார். மணி சிரித்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வேளையில் விருந்தாளிகளைக் குழியின் விளிம்பிலேயே நிறுத்தி மணியைக் காட்டியவர் யார் என்று அவர் கேட்டார். செயலாளர்தான்; அந்த மிதியில்தான் ஓரம் சரிந்திருந்தது.

செயலாளர் உடனே அவள் வீட்டுக்குப் போனார். மணி கிடைத்துவிட்டது, நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார்.

"மணி கிடைச்சிடுச்சு, சரி சார். நேத்து ராத்திரி என் வீட்டுக்காரரே 'நெஜமாவே எடுக்கலியே?'ன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியை எந்தச் சல்லடையில போட்டு எடுப்பீங்க?"

பக்கத்தில் நின்ற கணவன் தலை குனிந்தான். செயலாளர் அவனைப் பார்த்துத்தான் பேசினார்.

"தப்பு என்னுதுப்பா. விளிம்புல ஆளை நிறுத்தினதும் நான், மண்ணைச் சலிக்காம கொட்டச் சொன்னதும் நான். ஏழைன்னா திருடுவாங்கன்னு நினைச்சேன். அடுத்தவங்களைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி, நாம என்ன பண்ணோம்னு பார்க்கணும்."

"இதை நாளைக்குக் குழியில, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார்," என்றாள் அவள். "அப்புறம் வேலைக்கு வர்றேன்."