பதினான்காம் ஃபாரம்

நீலப் புத்தகம் ஆறாவது முறையாக அச்சாகி வந்திருந்தது. எங்கள் பைண்டிங் கூடத்தில் அந்த மாதம் வேறு வேலையே இல்லை. அந்த நாவலில் மேலே நிலம் முழுக்க வெயிலில் வெந்துபோகிறது. மிஞ்சிய மனிதர்கள் கடலுக்கு அடியில் ஒரு நகரம் கட்டி இறங்கிவிடுகிறார்கள். கதை அங்கே தொடங்குகிறது. பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர்கள் அதைத்தான் விரித்து வைத்திருந்தார்கள். நாவலின் தலைப்பு நீளம். அட்டையின் நிறத்தை வைத்து நாங்கள் நீலப் புத்தகம் என்றோம்.

நாங்கள் அதைக் கடையில் வாங்க வேண்டியிருக்கவில்லை. பெரிய தாளில் அச்சாகி வருவதை மடித்தால் பதினாறு பக்கம். அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி முதுகில் பசை போட்டால் புத்தகம். மை அப்பியதும் கோணலாக மடிந்ததும் கழிவுக்குப் போகும். மடிப்பு மெஷினில் நிற்கும் அக்கா கழிவிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முழு நாவலையும் சேர்த்துவிட்டார். அது ஃபாரம் ஃபாரமாகக் கை மாறியது. படித்தவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் அதை வைத்துச் சண்டை நடக்கும். சண்டைக்கு ஒரு சட்டமும் இருந்தது. மேஜையில் பேசப்படும் இடம்வரை படிக்காதவர் அங்கே உட்காரக் கூடாது. முன்கூட்டியே கதை தெரிந்துவிடும். அதனால் அவர் ஜன்னலோர பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். சட்டம் போட்டவர் கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணன். அவரை எல்லோரும் பிளேடு என்பார்கள். கத்தி அவர் கையில் இருப்பது ஒரு காரணம். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பது பெரிய காரணம்.

முதலில் பெஞ்சு நிரம்பி வழிந்தது. ஒவ்வொருவராக எழுந்து மேஜைக்குப் போனார்கள். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

நான் செக்கர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். முந்தையதைவிட அடுத்தது கொஞ்சம் கீழே. சரியாக அடுக்கினால் கட்டங்கள் படி இறங்குவதுபோல் வரும். ஒரு படி இல்லையென்றால் ஒரு ஃபாரம் இல்லை. நாள் முழுக்க அந்தப் படிகளைப் பார்ப்பது என் வேலை. படித்த பட்டம் வேறு. கிடைத்தது இது.

என் மனைவி இறந்து நான்கு மாதம். அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. எனக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முன்பெல்லாம் பிளேடு, "டேய் செக்கர், கண்ணை அடகு வச்சிட்டியா?" என்பார். இப்போது, "தம்பி, சாப்டீங்களா?" என்கிறார். நான் பக்கத்தில் போனால் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்கள். நல்லவர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டிலும் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் போன் செய்வார்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் மச்சான்."

"உடம்பு?"

"பரவால்ல."

"சரி மாப்ள. வைக்கட்டுமா?"

"வைங்க."

பிறகு வாஷிங் மெஷின். ஓர் ஆளின் துணி அதை நிரப்புவதில்லை. நிரம்பட்டும் என்று காத்திருப்பேன். அதற்குள் போட்டுக்கொள்ளச் சட்டை தீர்ந்துவிடும்.

அந்த மேஜை எனக்கு வேண்டியிருந்தது. ஆறுதலுக்காக அல்ல. ஆறுதல் போதும் போதும் என்று ஆகிவிட்டது. யாராவது என்னோடு ஏதாவது ஒரு விஷயத்துக்கு மல்லுக்கட்ட வேண்டும். அதற்கு நாவலைப் படித்தாக வேண்டும். படித்தேன்.

நகரத்துக்குக் காற்றுத் தரும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்தான் நாயகன். அவன் மனைவி வெளிச்சுவரில் விரிசல் விட்டால் அடைப்பவள். பதின்மூன்றாம் ஃபாரத்தின் கடைசியில், 208ஆம் பக்கத்தில், சுவர் உடைகிறது. மறுநாள் அக்கா எனக்குக் கொடுத்த ஃபாரம் 225இல் தொடங்கியது.

"அக்கா, நடுவுல ஒண்ணக் காணோமே."

"பதினாலாப்பா? அது வேஸ்ட்ல கிடைக்கல. அதுல ஒண்ணும் பெருசா இல்ல. செவுரு உடையும், அடைப்பாங்க. நீ மேல படி."

விடுபட்ட ஃபாரத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் ஆளிடமே ஒரு ஃபாரத்தை ஒளித்திருந்தார்கள். அதுவும் அதே ஃபாரம் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும் கூடத்தில்.

பதினைந்திலிருந்து மெக்கானிக்கின் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் யாரோடும் பேசுவதில்லை. என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது.

அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் படித்திருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் திருட்டுத்தனமாகப் படித்தவன் பெஞ்சில்தான் இருப்பான். அவர்களாகக் கொடுக்க வேண்டும்.

மேஜையோ பதினான்கைத் தாண்ட மறுத்தது. குரலை இறக்கித்தான் பேசினார்கள். பெஞ்சுவரை நன்றாகவே கேட்டது.

"அவன்லாம் ஒரு மனுஷனா? கதவைத் திறந்திருக்கணும்." இது அக்கா.

"திறந்தா ஊரே மூழ்கிடும்கா," என்றார் பிளேடு.

"மூழ்கட்டுமே. ஊரு அவளுக்கு என்ன பண்ணிக் கிழிச்சுது?"

"முதல்ல அந்தக் கதவே நிக்காதுய்யா," என்றார் மேஸ்திரி. எங்கள் கூடத்தின் பழுதுகளையெல்லாம் பார்ப்பவர் அவர்தான். "அவ்ளோ ஆழத்துல தண்ணி அமுக்குற அமுக்குல கீலு தெறிச்சிடும். எழுதினவன் ஒரு குழாயைக்கூட கழட்டிப் பாத்திருக்க மாட்டான்."

"கதையைப் படிங்கன்னா ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்துட்டாரு."

"அந்த இயந்திர மீனு கடைசில என்னதான் ஆச்சு?" என்றாள் பசை மெஷின் பெண். அவளுக்கு மனிதர்கள்மேல் அக்கறை இல்லை. நாவல் முழுக்க மீன்தான்.

"மெதுவா," என்றார் அக்கா. "அந்தப் பக்கம் கேக்கும்."

எல்லோரும் கவனமாக வேறு எங்கோ பார்த்தார்கள்.

அடுத்த நாள் மெஷின் ஓடத் தொடங்கும் முன் அக்காவிடம் போனேன்.

"பதினாலைக் குடுங்கக்கா."

"அதான் இல்லன்னேனே."

"உங்க சாப்பாட்டுப் பைக்கு அடியில இருக்கு. கறுப்புக் கட்டம் தெரியுது."

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதைப் படிச்சு உனக்கு என்னப்பா ஆகப்போகுது? மனசுதான் கெடும். அதைப் படிச்சிட்டு நானே ரெண்டு நாள் எங்க வீட்டுக்காரரோட பேசல."

"அவரு என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. இந்தாளும் திறந்திருக்க மாட்டாரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து அவர் மிரண்டுபோனார்.

"பெஞ்சுல தனியா உக்காந்து சாப்பிட முடியலக்கா," என்றேன்.

அவர் பையைத் தூக்கி ஃபாரத்தை எடுத்து, ஓரத்து எண்ணெயைப் புடவையில் துடைத்துக் கொடுத்தார்.

டீ இடைவேளையில் கழிவுத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். உடைந்த சுவருக்கும் உள்கதவுக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொள்கிறாள். கதவு தானாக மூடிக்கொண்டது. திறக்கும் நெம்புகோல் அவன் கையில். கதவில் ஒரு கண்ணாடி வட்டம். தண்ணீர் ஏற ஏற இருவரும் அதன் வழியே பேசுகிறார்கள். முதல் சந்திப்பு, பழைய சண்டைகள், பிறக்காத பிள்ளைக்கு யோசித்த பெயர். ஒன்பது பக்கம் பேசுகிறார்கள். கடைசியில் அவள் திறக்காதே என்கிறாள். அவன் கையை எடுத்துவிடுகிறான்.

அழுகை வருமா என்று நின்று பார்த்தேன். வரவில்லை. பொறாமையாக இருந்தது.

மதியம் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். மேஸ்திரி நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேர் உட்காரும் இடம்.

"பதினாலு படிச்சிட்டேன்."

பசை மெஷின் பெண் மெல்லுவதை நிறுத்தினாள். பிளேடு அக்காவை முறைத்தார்.

"யாரு குடுத்தது?"

"அவனே கண்டுபிடிச்சிட்டான். செக்கர்கிட்டயே ஒளிக்கச் சொன்ன உன் மூளைக்கு மாலை போடணும்."

"நான் தம்பி நல்லதுக்குத்தான்..."

"எனக்குப் பிடிக்கல," என்றேன்.

"எதுங்க தம்பி?"

"அந்த ஃபாரம். ஒரே பொய். தண்ணி கழுத்துக்கு வந்தாச்சு. இவங்க முதமுதல்ல எங்க பாத்துக்கிட்டோம்னு பேசிட்டிருக்காங்க."

பிளேடு பொறுமையைக் கூட்டிக்கொண்டார். "அது வந்து தம்பி, ஒரு உருக்கம்..."

"உருக்கம் இல்லண்ணே, இழுவை. அந்தப் பதினாறு பக்கத்தையும் வெட்டி எறிஞ்சிட்டா கதை இன்னும் நல்லா ஓடும். நீங்களே வெட்டலாம்."

அதைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதவர் அவர்.

"வெட்டறதா? டேய், என்னடா பேசற? 'பம்பு சத்தம் கேக்குது, எனக்கு அது போதும்'கிறா பாரு, அந்த இடத்தைப் படிச்சிட்டு மரக்கட்டை மாதிரி வந்து உக்காந்திருக்க! கட்டினவ கண்ணு முன்னால போறது எப்படி இருக்கும்னு உனக்கு என்னடா தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தெரியாதுண்ணே," என்றேன். "நான் அங்க இல்ல. எனக்குப் போன்தான் வந்துச்சு. அன்னைக்குக் காலையில அவ கடைசியாச் சொன்னது, சிங்க் குழாய் சொட்டுது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னு. சரின்னேன். அவ்வளவுதான். அதான் சொல்றேன், ஒன்பது பக்கம்லாம் பொய்."

பழைய அமைதி திரும்பி வருவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் பிளேடு மன்னிப்புக் கேட்பார். நாளையிலிருந்து மறுபடியும் வாங்க, போங்க.

"தம்பி, நான்..."

"மன்னிப்பு வேணாம். பதில் சொல்லுங்க. அதுல என்ன நல்லாருக்கு?"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாருக்கும் கிடைக்காதுடா அது. அதான் எழுதியிருக்கான். கிடைக்கறதையே எழுதறதுக்கு எதுக்குக் கடலுக்குள்ள போகணும்? அடியில ஊரு இருக்குன்னான், நம்பின. மீனு பேசுதுன்னான், நம்பின. ஒன்பது பக்கம் பேசினாங்கன்னா மட்டும் உனக்கு இடிக்குதா?"

"ஆமா, இடிக்குது."

"ஏன்?"

"ஊரைப் பத்தி எனக்குத் தெரியாது. இதைப் பத்தித் தெரியும்."

"ஒன்பதோ தொண்ணூறோ," என்றார் அக்கா. "பேசின நேரத்துல திறந்திருக்கலாம்ல?"

"கண்ணாடி முதல்லயே உடைஞ்சிருக்கும்," என்றார் மேஸ்திரி. "நீங்கல்லாம் தேவையில்லாம பேசிட்டிருக்கீங்க."

"அந்த மீனு..." என்று ஆரம்பித்தாள் பசை மெஷின் பெண்.

"மீனை விடு தாயே!" என்று நான்கு பேர் சேர்ந்து கத்தினோம்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. கடைசியில் மேஸ்திரியே திட்டித் துரத்தினார். நான் என் இடத்துக்குப் போய்ப் புத்தகங்களின் முதுகைப் பார்க்க ஆரம்பித்தேன்.

என் மனைவி இதைப் படித்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாள் என்று யோசித்தேன். அவள் நாவல் படிக்கிற ஆள் இல்லை. சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே முடிவு இதுதான் என்று அடித்துச் சொல்வாள். பெரும்பாலும் தப்பாக இருக்கும். திறக்கச் சொல்வாளா, வேண்டாம் என்பாளா? அவள் குரலை வரவழைத்துப் பார்த்தேன். குரல் வந்தது. என்ன சொல்கிறது என்பது வரவில்லை. மூன்று வருஷம் அவளோடு இருந்திருக்கிறேன்.

கூடத்தின் மறுகோடியில் கத்தியை இறக்கிவிட்டு பிளேடு என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது. மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள முடியாது என்று நானும் கையை ஆட்டினேன்.