கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பீப்பாய்

ஆய்வுக்கூடத்தின் நிலவறைக் கதவைத் திறந்ததும் யகோடாவுக்குக் குமட்டியது. ஈரச் சாக்ஸை வினிகரில் ஊறப்போட்ட மாதிரி வாடை. சாக்கடை என்று நினைத்து இரண்டு தடவை பிளம்பரைக்கூடக் கூப்பிட்டாயிற்று.

பல வருஷமாக அவள் இங்கே ஓர் அணுக்கடிகாரத்தோடு குடித்தனம் நடத்துகிறாள். ஒளியும் எலக்ட்ரானும் எவ்வளவு இறுக்கமாகக் கைகோக்கும் என்று சொல்கிற எண் ஒன்று உண்டு. பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து அது மாறவில்லை என்பது நம்பிக்கை. மாறினால் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். இந்த இலையுதிர்காலத்தில் காட்டிக்கொடுத்தே விட்டது. திரையில் அந்த எண்ணைக் காட்டும் கோடு மெல்ல ஏறியது. இன்னும் ஒரு வருஷம் அளக்கலாம் என்றாள் யகோடா. இதையே அளக்கிற ஜெர்மன்காரன் முந்திவிடுவான் என்று புரொபசர் போகுமில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். இன்றைக்கு மத்தியானம் வருகிறார்கள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அதற்காகப் பட்டுச்சட்டை வாங்கி உடுத்தியிருந்தாள்.

மூக்கு இழுத்த இழுப்புக்குப் போனாள். கடிகாரத்துக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயர மரப்பீப்பாய். மேலே பலகை, பலகைமேல் கல். ஓரத்தில் சாம்பல் நுரை குமிழிவிட்டு உடைந்தது. தொட்டால் கதகதப்பு. இடுக்கில் எட்டிப் பார்த்தால், உள்ளே குளிர்காலத்துக்காக உப்புப் போட்டு வைத்த முட்டைக்கோஸ் புளித்துக்கொண்டிருந்தது.

"என் மாமியார் பீப்பாய்," என்றார் பின்னாலேயே வந்த புரொபசர். "புது ஃபிளாட்ல நிலவறை கிடையாதும்மா. ஊர்லயே சூடு ஏறாத இடம் இதுதான்."

"அப்படித்தான் இருந்துச்சு, புரொபசர். இப்ப இல்ல."

"முட்டைக்கோஸ் போய் பிரபஞ்சத்த அசைக்குமா?"

"பிரபஞ்சத்த அசைக்காது. கடிகாரத்த அசைக்கும். சூடு பட்டா அது தப்பாத்தான் ஓடும்."

அவர் பலகையைக் கல்லோடு நகர்த்தி, ஒரு கொத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சாறு தாடியில் வழிந்தது.

"தெரியும். போன வாரமே தெரியும்," என்றார் மென்றுகொண்டே. "இன்னிக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இரு. அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். அந்த எண் மாறுதுன்னாத்தான் ஆராய்ச்சிக்குக் காசு வரும். மாறலன்னு சொல்றவனுக்கு எவன் தருவான்?"

இந்தப் பேச்சுக்கு அந்த வாடையே பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

கல்லை எடுத்து அவர் கையில் திணித்தாள். பீப்பாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கட்டடத்தில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. படிக்குப் படி புளித்த நீர் பட்டுச்சட்டையில் தளும்பியது. மேலே வராந்தாவில், அதற்குள் வந்துவிட்டிருந்த கேமராக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள்.

"கண்டுபிடிப்பு எந்த ரூம்லங்க?" என்றான் ஒருத்தன்.

"இதோ, போயிட்டிருக்கு," என்றாள் நிற்காமல்.

கீழே, ஆளில்லாத அறையில் கோடு இறங்க ஆரம்பித்திருக்கும். முற்றத்தில் குளிர்ந்த தூறல். பீப்பாயை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாசலில், சொட்டுகிற கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி புரொபசர் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து நாலைந்து கேமராக்கள் மின்னின.