நானூறு நிட் வெளிச்சம்

இருபத்தேழு மணி நேரமாக, மங்கிப்போன சதுக்கத்து எல்.இ.டி. திரையைப் பற்றியே பேச்சு. இடையில் வந்த இரவில் அது அழகாக எரிந்தது. அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. விடிந்ததும் மறுபடி மங்கியது. மறுபடி கத்தல்.

நண்பகல் வெயிலில் நால்வர் அதன் முன் நின்றோம். நான், திரையை மாட்டிய, நான் குயா (அண்ணன்) என்று கூப்பிடும் எர்னிங், எங்கள் முதலாளி வில்லாரோமன், நகராட்சிக்காகத் திரையை வாங்கிய கொன்செஹால், அதாவது கவுன்சிலர், மகராயிக். திரையில் உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் எருது உழுதுகொண்டிருக்க வேண்டும். சாம்பல் பலகையில் ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது.

"பத்தாயிரம் நிட்டுன்னு சொல்லித்தானே வித்தீங்க?" கொன்செஹால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"பத்தாயிரமேதான் கொன்ஸ்," என்றார் முதலாளி.

உண்மையில் ஆறாயிரம். திரையின் ஒரு சதுர மீட்டர் நம் கண்ணை நோக்கி எவ்வளவு ஒளி அனுப்புகிறது என்பதுதான் நிட் கணக்கு. முதலாளிக்கு அது மாம்பழ எடை மாதிரி. கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கூட்டிச் சொல்வார்.

அளக்கும் கருவியைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். நானூறு. இரவுக்குப் போதும். இந்த வெயிலுக்கு எதிரே அது ஒன்றுமேயில்லை.

"அந்தப் பொண்ணு என்ன, துப்பாக்கி மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

"லிசெல். சயின்ஸ் படிச்சது. சும்மா கூட்டிட்டு வந்தேன்."

திரையின் உச்சியில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. நாங்கள் அதைக் கண் என்போம். அது வெயிலைப் பார்த்தால் திரை கூடும். இருட்டைப் பார்த்தால் குறையும். சென்ற ஆண்டு, இரவில் திரை வெளிச்சத்தில் தூங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தார்கள். இனி யாரும் கையால் வெளிச்சத்தை மாற்றக் கூடாது, கண் சொல்வதுதான் நடக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தவர் இதே கொன்செஹால். வெளிச்சத்தை மாற்றும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டபடி படமும் எடுத்துக்கொண்டார்.

நேற்றுக் காலை அவருடைய ஆட்கள் திருவிழா வாழ்த்து பேனர் கட்டினார்கள். ஊரில் தென்னைமரம் மிச்சமில்லை, கழிப்பறைச் சுவர் மிச்சமில்லை. எங்கும் அவருடைய பற்கள். மிஞ்சியிருந்தது திரையின் உச்சி.

இன்று விடிந்ததும் குயா எர்னிங் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து என்னிடம் மட்டும் சொன்னார். முதலாளியும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், உடனே குனிந்துகொண்டார். திருவிழா வாரத்தில் கொன்செஹாலின் பேனரை அவிழ்ப்பது அவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். எர்னிங்கின் மகள் கொன்செஹால் தரும் உதவித்தொகையில் நர்சிங் படிக்கிறாள். முதலாளிக்கு அடுத்த திரையும் இவரிடம் விற்க வேண்டும்.

"மூணு மணிக்கு ஊர்வலம். பிஷப் வர்றார். யாருய்யா இதை மாட்டினது?"

முதலாளி கூசாமல் கை காட்டினார். "இவன்தான் கொன்ஸ். திருவிழாவுக்குத் துடைக்க ஏறினப்ப வயரை ஏதோ பண்ணிட்டான். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

எர்னிங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க கொன்ஸ்."

"குயா, சொல்லுங்க," என்றேன் மெதுவாக.

"சும்மா இரு இனெங், சின்னப் பொண்ணு நீ. என் பொண்ணு படிப்புக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

கொன்செஹால் சிரித்தார். "வெளிச்சம்னா என்னன்னே தெரியாத ஆளுங்களை வச்சுக்கிட்டு ஒரு வியாபாரம்! எங்க வீட்டு பாத்ரூம் பல்பு இதைவிட நல்லா எரியும்."

முதலாளியும் சிரித்தார். கொன்செஹால் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். எர்னிங் தரையையே பார்த்தார்.

"கொன்ஸ்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"கொன்ஸ்!"

கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "என்னம்மா சயின்ஸ்?"

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் உச்சியைக் காட்டினேன்.

"காலைல நான்தான் ஏறிப் பார்த்தேன். வேற யாரும் ஏறல. வெயிலைப் பார்க்கிற கண்ணு அங்க இருக்கு. அது மேல உங்க மூஞ்சியைக் கட்டியிருக்காங்க கொன்ஸ். அதனால அதுக்கு இன்னும் விடியவே இல்ல."