மூன்று வரிகளுக்குக் கீழே

ஆறு மணிக்குப் பிரவீண் எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலை அடுப்பில் வைத்தான். பால் பொங்குவதற்குள் பால்கனித் துணிகளை எடுத்து மடித்தான். காபியைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு சத்யப்ரியாவின் போனைத் திறந்தான். நாற்பத்தொரு அறிவிப்புகள்.

சத்யப்ரியா அவன் மனைவி. நவம்பரில் டெங்குவில் போய்விட்டாள். கொல்கத்தா தமிழர்களின் இணையக் குழுவில் அவளோடு சண்டை போடுகிறவர்கள் மட்டும் இன்னும் ஓயவில்லை.

விஷயம் இதுதான். பொங்கல் விழாவைத் தமிழில் நடத்துவதா, பிள்ளைகளுக்குப் புரிகிற வங்காள மொழியில் நடத்துவதா என்று குழுவில் பேச்சு வந்தது. அவள் கல்லூரியில் பட்டிமன்றம் பேசியவள். எதிரணியின் வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் அதை உடைப்பாள். காய்ச்சலில் படுப்பதற்கு முதல் நாள் பதிவையும் அப்படியே எழுதிவிட்டாள். ‘நம் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒட்டவில்லை. ஒட்டாததை ஏன் திணிக்க வேண்டும்? வங்காள மொழியிலேயே நடத்திவிடலாம்.’

திரையில் தெரிவது மூன்று வரிகள்தான். மீதிக்கு ‘மேலும் காண்க’ என்பதைத் தொட வேண்டும். கோப முகத்தைத் தொடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. கோபம் சேரச் சேரப் பதிவு மேலே ஏறியது. ‘எழுதியவர் என் மனைவி. இறந்துவிட்டார். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்’ என்று பிரவீண் எழுதினான். அதுவும் ஒரு பதில்தானே. பதிவு இன்னும் மேலே போனது. அவன் எழுதியது மட்டும் எழுநூறு பதில்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அன்று சனிக்கிழமை. நியூ டவுனிலிருந்து பஸ் பிடித்து லேக் கார்டன்ஸ் போனான். குழுவை நடத்தும் ஜம்புநாதனுக்கு அங்கே மளிகைக் கடை.

“வாங்க தம்பி. என்ன இப்பிடி இளைச்சுட்டீங்க?”

“அந்தப் போஸ்ட்டை எடுத்துடுங்க சார்.”

ஜம்புநாதன் தராசைத் துடைத்தார். “எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா பயந்து ஓடிட்டாங்கம்பான். ஒவ்வொருத்தனும் போன்ல படம் பிடிச்சு வச்சிருக்கான். அதுல அந்த மூணு வரிதான் இருக்கு. மிச்சத்தையும் ஒருத்தன் படிக்கணும்னா அந்தப் போஸ்ட் இருந்தாத்தான் உண்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பொய் சொல்லக் கூடாது. நம்ம குரூப்பும் இப்பதான் அஞ்சாயிரம் பேரைத் தாண்டியிருக்கு.”

அப்பளக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ராஜம்மா என்ற வாடிக்கையாளர் திரும்பினார். “எது, தமிழே வேணாம்னு எழுதினாளே, அவளா? நானும் நல்லா நாலு குடுத்தேன்.”

“முழுசா படிச்சீங்களாம்மா?” என்றான் பிரவீண்.

“அதுக்கெல்லாம் நேரம் ஏதுப்பா? மொத வரியிலயே லட்சணம் தெரிஞ்சுபோச்சே!”

ஜம்புநாதன் கண்ணைக் காட்டினார். ராஜம்மாவுக்குப் புரியவில்லை. “என்ன கண்ணைச் சிமிட்டுறீரு? இந்த அப்பளம் போன மாசத்துச் சரக்கா?”

பிரவீண் வெளியே வந்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் போனை எடுத்தான். பதிவின் கடைசிப் பத்தியை வெட்டி மேலே ஒட்டினான். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றினான். பதிவின் தலையில் ‘திருத்தப்பட்டது’ என்று வந்தது.

வீடு போய்ச் சேர்வதற்குள் செல்வராஜ் என்று ஒருவர் எழுதியிருந்தார்: ‘செத்தவங்க எப்படிங்க எடிட் பண்ணுவாங்க? அந்தச் சாவும் நாடகமா?’ அதற்கு முந்நூறு சிரிப்பு முகங்கள். பழைய மூன்று வரிகளின் படத்தை வேறு யாரோ கீழே ஒட்டியிருந்தார்கள்.

பிரவீண் செருப்பைக் கழற்றவில்லை. அலமாரியிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துப் படம் பிடித்தான். பதிலோடு இணைத்தான். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது. அனுப்பினால் அதுவும் ஒரு பதில். சான்றிதழுக்கு எத்தனை சிரிப்பு முகங்கள் விழும் என்று அவனுக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை அவள் சாகவும் இல்லை.

படத்தை நீக்கினான். பதிவை அவள் எழுதிய வரிசைக்கே மாற்றி வைத்தான். அவளைத் தலைகீழாகப் பேசவைக்க அவனால் முடியவில்லை. அதற்குள் இன்னும் பன்னிரண்டு அறிவிப்புகள்.

‘மேலும் காண்க’ என்பதைத் தொட்டான். அந்தக் கடைசிப் பத்தி கீழே அதன் இடத்தில் இருந்தது.

‘இவ்வளவும் எதிரணி சொல்வது. நான் சொல்வது வேறு. விழா தமிழில்தான் நடக்க வேண்டும். பிள்ளைகள் தப்பும் தவறுமாகவே பேசட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து நான் கைதட்டுகிறேன்.’