பதினேழாம் எண்ணில் நூற்றுப் பதினான்கு பேர்

சுகாதார நிலையங்களுக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று புள்ளிவிவரம் எடுப்பதுதான் அவள் வேலை. ஊர்க்கோடி நிலையத்தின் பட்டியலை விரித்ததுமே மூக்கில் வேர்த்துவிட்டது. மற்ற ஏழை வட்டாரங்களில் நூற்றுக்கு முப்பது பேர் வந்தாலே பெரிது, இங்கே எழுபது. போதாக்குறைக்கு, நூற்றுப் பதினான்கு பேருக்கு ஒரே முகவரி: பதினேழாம் எண் வீடு.

"இது வீடா, சத்திரமா?" என்றாள் பக்கத்து மேசைக்காரரிடம்.

"நர்ஸம்மா நம்ம காதுல பூ சுத்துறாங்க. இல்லாத ஆளையெல்லாம் எழுதியிருப்பாங்க."

மறுநாளே கிளம்பினாள். நர்ஸ் பிடி கொடுக்கவில்லை. "அவங்க சொன்னதை எழுதினேன் மேடம். வந்தது ஆளுதான், பேயில்ல" என்று ஊசி டப்பாவைப் பட்டென்று மூடினார்.

பதினேழாம் எண் ஒற்றை அறை. தையல் மிஷின், கூரைவரை பள்ளிச் சீருடைகள், நடுவே ஒரு தையல்காரி.

"அக்கா, இங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் என் மகளும்."

"பட்டியல்ல நூத்திப் பதினாலு இருக்கே?"

மிஷின் நின்றது. தையல்காரி அவளுடைய அடையாள அட்டையையும் கைப்பையையும் ஏற இறங்கப் பார்த்தாள். "குடிசைய இடிக்கத்தானே ஆள் கணக்கு எடுக்கிறீங்க?"

"இல்லக்கா, ஆஸ்பத்திரிக் கணக்கு."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க." மிஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினாள்.

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கரை நெடுகத் தகரக் குடிசைகள். ஒன்றிலும் கதவு எண் இல்லை. கதவு எண் எழுதாதவருக்கு மருந்துச் சீட்டு தரக்கூடாது என்பது படிவத்தின் விதி. அதனால்தான் எல்லாரும் பதினேழை இரவல் வாங்கியிருந்தார்கள். அந்தப் படிவத்தைத் தயாரித்தவளே அவள்தான்.

அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் பதினேழாம் எண்ணுக்கு இரண்டே பேர். ரத்த அழுத்த மாத்திரை வாங்கியவர்கள், தடுப்பூசிக் குழந்தைகள், ஒருவரும் வரவில்லை.

"பாத்தீங்களா? நீங்க போனதும் பொய்க்கணக்கு நின்னுடுச்சு!" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அவள் பட்டியலை மூடினாள். "பொய்யில்ல சார். நான் போய் பயமுறுத்திட்டேன்."

கதவு எண் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிடச் சொல்லி அறிக்கை எழுதினாள். மேலதிகாரி, "இதுல உங்களுக்கு என்ன அக்கறை?" என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார்.

அவள் கொண்டுபோன புதுப் படிவத்தைத் தையல்காரி முன்னும் பின்னும் திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முதல்ல நான் எண் எழுதாம போறேன். சீட்டு குடுத்தாங்கன்னா மத்தவங்ககிட்ட சொல்றேன்."

"நம்பலாம்க்கா."

"அதை நாங்க பாத்துக்கிறோம்."

அந்த மாதம் வாய்க்கால் கரையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். முகவரி என்ற இடத்தில் ஒருவரும் எதையும் எழுதவில்லை.