பஞ்சர் சட்டி

பந்தல்காரர் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கூரியர்காரர் வண்டியை நிறுத்தினார். சாவு வீடு என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, "பிச்சைமுத்துங்கறது யாருங்க?" என்றார்.

பிச்சைமுத்து உள்ளே ஐஸ் பெட்டியில் கிடந்தார். ஆலங்குடியில் பாதி ஆயுளைப் பஞ்சர் ஒட்டியே கழித்தவர், நேற்றுக் காலை லாரி டயரைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"எங்கப்பாதான். குடுங்க" என்று ரஞ்சிதா போய் வாங்கினாள். உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியும். சென்னைக்கு சர்வீஸுக்குப் போயிருந்த ரெகுலேட்டர். கடலுக்கடியில் வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விடுவது.

பாண்டிச்சேரியில் கடலுக்குள் முங்கப் படித்து வந்த மகளுக்குச் சொந்தமாய்ச் சாமான் வேண்டுமென்று, துபாயில் கடலில் முங்கும் வேலை பார்த்துவிட்டு அறந்தாங்கிக்குத் திரும்பியிருந்த ரகுநாத்திடம் பழசு வாங்கித் தந்தவர் அப்பாதான். சந்தையில் மாடு பிடிக்கப் போனவர் மாதிரி காற்றுச் சிலிண்டரைத் தட்டினார், தடவினார், சுற்றிச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்ததும் அதில் ரெகுலேட்டரை மாட்டி, ட்யூபில் ஓட்டை பார்க்கும் பஞ்சர் சட்டித் தண்ணீரில் முக்கினார். பொடிப்பொடியாய்க் குமிழி. கை சும்மா இருக்குமா? கழற்றி, லாரிக்குப் போடும் கிரீஸை எடுத்து அப்பிவிட்டார்.

ரஞ்சிதா கத்தித் தீர்த்தாள். "இது என்ன லாரியாப்பா? கிரீஸ் பட்டா உள்ள இருக்குற ரப்பர் ஊறிப்போயிரும். கடலுக்கடியில மூச்சு நின்னா யாரு வருவா?"

மனிதர் அன்று முழுக்க டீக்கடையில் அந்தத் திட்டையே பெருமையாய்ச் சொல்லித் திரிந்தார். "எம்மககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்யா! இத்தன பேரு இருக்கீங்களே, கடலுக்கடியில மூச்சு விடத் தெரிஞ்ச புள்ள எவன் வீட்டுல இருக்கு?" மறுநாளே சர்வீஸுக்கு அனுப்பியும் வைத்தார்.

"என்னம்மா அது?" பெரியப்பா வெள்ளைச்சாமி எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "அந்தக் கூத்து அவனோட போச்சு. சிலிண்டரையும் சேத்து வந்த வெலைக்குத் தள்ளிவிட்ரு. ராமேஸ்வரத்துக்கெல்லாம் இனிமே போக வேணாம். ஒனக்கு ஒண்ணுன்னா நாங்கதானே பதில் சொல்லணும்?"

அடுத்த மாதம் ராமேஸ்வரத்தில் அடுத்த கட்டப் பயிற்சி. இந்த வீட்டில் அதற்குப் போ என்று சொன்ன ஒரே ஆள் அப்பாதான். அம்மா செவந்திக்குக் கடல் என்றாலே ஆகாது. மகள் தண்ணீருக்குள் இறங்குகிற நாளில் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. ரஞ்சிதா பெட்டியை இறுக்கிக்கொண்டு நின்றாள். விட்டுக்கொடுக்க மனசில்லை, இந்த நேரத்தில் மல்லுக்கு நிற்கவும் தெம்பில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செவந்தி எழுந்தாள். கடைப்பக்கம் போய்ப் பஞ்சர் சட்டியைத் தூக்கிவந்தாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, குடத்துத் தண்ணீரைச் சாய்த்து நிரப்பினாள்.

"பிரிடி" என்றாள்.

"என்ன செவந்தி இது, பொணத்த வச்சுக்கிட்டு..." என்றார் பெரியப்பா.

"தண்ணியில முக்கிப் பாக்காம ஒரு ட்யூபக்கூட அவரு கடைய விட்டு அனுப்புனதில்ல மாமா. இதையும் பாத்துட்டே போகட்டும்."

ரஞ்சிதா உள்ளே இருந்து சிலிண்டரை உருட்டிவந்தாள். படித்த முறை தப்பவில்லை. ரெகுலேட்டரைப் பொருத்தி, திருகி, வால்வை மெல்லத் திறந்தாள். 'உஸ்' என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. வாய்ப்பக்கம் கீழே பார்க்கும்படி தண்ணீருக்குள் இறக்கினாள். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பாவும் குனிந்தார்.

செவந்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஐஸ் பெட்டியின் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"ஒழுகலைங்க" என்றாள். "புள்ள ராமேஸ்வரம் போயிட்டு வரட்டும்."

பெரியப்பா நிமிர்ந்து பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தார். சட்டித் தண்ணீர் அசையாமல் நின்றது. அதில் ஒரு குமிழிகூட இல்லை.